இரவு ஓவியத்தில் ஒளியையும் மனநிலையையும் எப்படி வாசிப்பது?

திருமலை வாசகி எழுதியது:

அன்பர்களுக்கு வணக்கம். அண்மையில் எங்கள் ஊரான திருகோணமலையில் நடந்த ஒரு சிறிய ஓவியக் காட்சியில், இளம்பெண் ஒருவர் அக்கிரிலிக் வர்ணத்தில் தீட்டிய இரவுக் காட்சி ஒன்றைப் பார்த்தேன். அகலம் மூன்றடியும் உயரம் இரண்டடியும் இருக்கலாம். கோட்டைக்கு வடக்கே உள்ள கடற்கரையில் நின்று கிழக்கே பார்ப்பது போன்ற காட்சி அது. வலப்பக்கம் சுவாமி மலை கறுத்து நிற்கிறது. அதன் உச்சியில் திருக்கோணேஸ்வரத்தின் விளக்குகள் மஞ்சள் புள்ளிகளாகத் தெரிகின்றன. கடலுக்கு மேல் மெல்லிய பிறை. தூரத்தில் மூன்று வள்ளங்களின் விளக்குகள். முன்னால், இடப்பக்க மூலையில், ஒரு வீட்டின் திறந்த கதவும் வாசற்படியில் அமர்ந்திருக்கும் ஒரு பெண்ணும். மற்றதெல்லாம் நீலமும் பச்சையும் கலந்த இருட்டு.

என் பக்கத்தில் நின்ற ஒருவர், "இது இழவு விழுந்த வீடு" என்றார். இன்னொரு அம்மா, "பார்க்கப் பார்க்க மனம் ஆறுகிறது" என்றார். இருவரும் நீண்ட நேரம் நின்று பார்த்தவர்கள். இருவருமே மனதாரச் சொன்னார்கள். இரவு ஓவியத்தின் மனநிலையை அவரவர் உள்ளத்துக்கு ஏற்பச் சொல்லிவிடலாமா, அல்லது ஓவியத்துக்குள்ளேயே அதற்கு ஆதாரம் இருக்கிறதா என்பதே என் கேள்வி. ஓவியரின் அனுமதியுடன் கைத்தொலைபேசியில் எடுத்த படத்தை இணைத்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் எழுதியது:

வாசகி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் குறிப்பிட்ட இருவரும் மனநிலையிலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். அதனால் ஒருவர் சொன்னதை மற்றவர் சோதித்துப் பார்க்க வழியில்லாமல் போயிற்று. இரவுக் காட்சியைப் பார்க்கும்போது முதலில் விளக்குகளை எண்ணுங்கள் என்றுதான் நான் பாடசாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிவந்தேன். பகலில் ஒளி எங்கும் பரவிக் கிடப்பதால் அதை ஓவியர் தேர்ந்தெடுத்தார் என்ற எண்ணமே நமக்கு எழுவதில்லை. இரவிலோ ஒவ்வோர் ஒளியையும் அவரே ஏற்றிவைக்க வேண்டியிருக்கிறது. ஆகவே, எத்தனை ஒளிகள் இருக்கின்றன, ஒவ்வொன்றும் எதுவரை எட்டுகிறது, எதை எட்டாமல் நின்றுவிடுகிறது, எந்த இரண்டு ஒளிகள் ஒரே உருவத்தின் மீது சந்திக்கின்றன என்று பார்த்துவிட்டால், துயரமா ஆறுதலா என்ற வழக்கில் பாதி சாட்சியம் கைக்கு வந்துவிடும்.

இந்த முறையை நான் கற்றுக்கொண்டது மிகச் சிறிய ஓவியம் ஒன்றிலிருந்து. உரோமில் வாழ்ந்த ஜேர்மானிய ஓவியர் ஆதாம் எல்ஸ்ஹைமர், மரியாளும் சூசையும் குழந்தை இயேசுவுடன் எகிப்துக்குத் தப்பிச் செல்லும் காட்சியை 1609ஆம் ஆண்டில் செப்புத் தகட்டின் மீது எண்ணெய் வர்ணத்தால் தீட்டினார். இப்போது மியூனிக் நகரில் இருக்கும் அந்த ஓவியம் 31க்கு 41 சென்ரிமீற்றர் அளவே ஆனது. அந்தச் சிறு தகட்டுக்குள் முழுநிலவு இருக்கிறது; நீரில் அதன் பிரதிபலிப்பு இருக்கிறது; சூசையின் கையில் சிறிய பந்தம், மேய்ப்பர்கள் மூட்டிய நெருப்பு, அதிலிருந்து மேலெழும் பொறிகள், மேலே பால்வீதியும் விண்மீன்களும் இருக்கின்றன. பந்தத்தின் ஒளி அந்தக் குடும்பத்தைத் தாண்டி அதிக தூரம் போகவில்லை. நெருப்பின் வெதுவெதுப்பு ஒரு பக்கமும் நிலவின் குளிர்ச்சி மறுபக்கமுமாக இருக்க, நடுவில் உள்ள மூவருக்கும் தங்கள் கையில் இருக்கும் அந்தச் சிறு வெளிச்சம் மட்டுமே துணை. அச்சமும் பாதுகாப்பும் ஒரே ஓவியத்தில் எப்படிச் சேர்ந்திருக்க முடியும் என்பதை எந்த முகபாவமும் இல்லாமலே அந்த ஒளிகள் காட்டிவிடுகின்றன.

உங்களால் முடியுமானால் மீண்டும் ஒரு முறை அங்கே சென்று, அந்தப் பெண்ணின் மீது எந்த ஒளி விழுகிறது என்று கிட்ட நின்று பார்த்து எழுதுங்கள். கைத்தொலைபேசிப் படத்தில் அந்த மூலை சேறாகத் தெரிகிறது.

திருமலை வாசகி எழுதியது:

ஐயா, பார்த்துவிட்டு வந்தேன். வீட்டுக்குள் இருக்கும் விளக்கு நம் கண்ணுக்குத் தெரியவில்லை. கதவு வழியாக அதன் செம்மஞ்சள் ஒளி மட்டும் வருகிறது. அது அவளுடைய முதுகிலும் வலது தோளிலும் பட்டு, படியின் ஓரத்தில் முடிந்துவிடுகிறது. அவள் முகம் கடலைப் பார்த்திருக்கிறது. நெற்றியிலிருந்து மூக்கு வழியாக மோவாய் வரை மிக மெல்லிய சாம்பல் நீலக் கோடு ஒன்று இழுக்கப்பட்டிருக்கிறது. அது இல்லாவிட்டால் முகம் இருட்டோடு கலந்துபோயிருக்கும்.

இன்னும் இரண்டு விடயங்கள் கண்ணில் பட்டன. சேலையின் கரை தோளில் நல்ல சிவப்பு. அதே கரை மடியில் இறங்கும் இடத்தில் ஏறக்குறையக் கறுப்பாக இருக்கிறது. கடல் மேல் விழும் நிலவொளிப் பாதை படத்தின் கீழ்விளிம்பை நோக்கி நேராக வரவில்லை; சரிந்து அவள் காலடியை நோக்கி வருகிறது. பிறை, கொம்புகள் இரண்டும் மேலே பார்க்க, தோணி போல மல்லாந்து கிடக்கிறது.

கடலோடி மகன் எழுதியது:

அக்கா, உப்புவெளியில் பிறந்து வளர்ந்தவன் என்ற உரிமையில் ஒன்று சொல்கிறேன். இந்தப் படத்தின் நேரம் பிறையிலேயே எழுதியிருக்கிறது. மாலைப் பிறையை நாங்கள் மேற்கில்தான் காண்போம்; சூரியன் போன பக்கத்தில், உட்துறைமுகத்துக்கு மேலே சிறிது நேரம் நின்றுவிட்டு அது இறங்கிவிடும். நமது திறந்த கடலோ கிழக்கில் இருக்கிறது. கடலுக்கு மேல் இவ்வளவு மெல்லிய பிறை தாழ்வாக நின்றால், அது அமாவாசைக்கு இரண்டு மூன்று நாட்களுக்கு முந்திய தேய்பிறை. நேரம் விடியற்காலை நான்கரை ஐந்து மணி. ஒளியுள்ள விளிம்பு கீழே கடலைப் பார்க்கிறது என்றால், இன்னும் எழாத சூரியன் அதற்கு நேர் கீழே இருக்கிறது என்று பொருள். பூமத்தியரேகைக்கு இவ்வளவு அருகில் இருக்கும் நமக்குப் பிறை இப்படித்தான் மல்லாந்து தெரியும். ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்து வரைகிறவர்கள் அதை நிமிர்த்தி வைத்துவிடுவார்கள். இந்தப் பெண் தன் கண்ணால் பார்த்து வரைந்திருக்கிறார்.

முகத்தில் இருக்கும் நீலக் கோடும் நிலவொளி அல்ல என்றே நினைக்கிறேன். அத்தனை மெல்லிய பிறையால் ஒரு முகத்தை எடுத்துக்காட்ட முடியாது. அது கிழக்கு வெளுக்கத் தொடங்கும் முதல் வெளிச்சம்.

இதிலிருந்து கதை மாறுகிறது. வள்ளங்கள் மாலையில் புறப்பட்டு விடியும் வேளையில் கரை திரும்பும். நிலாக்காலத்தில் மீன்பாடு குறைவு. இருட்டுக் காலத்தில்தான் விளக்கு வைத்துத் தொழில் செய்கிறவர்கள் கூடுதலாகப் போவார்கள். ஆகவே அந்த மூன்று விளக்குகளும் போகின்ற விளக்குகள் அல்ல, வருகின்ற விளக்குகள். அவள் விடைகொடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கவில்லை. இரவு முழுவதும் காத்திருந்து முடிக்கப்போகிறாள். என் அம்மா இப்படி உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதை இழவு என்று யாராவது சொன்னால் எனக்கு மனம் பொறுக்காது. அமைதி என்று சொன்னாலும் ஒத்துக்கொள்ள மாட்டேன். வள்ளம் மணலில் ஏறும்வரை அந்த வீட்டில் அமைதி கிடையாது.

நிழலுரு எழுதியது:

தம்பியின் விளக்கம் அழகாக இருக்கிறது. ஆனால் ஓவியத்தைப் பஞ்சாங்கம் பார்ப்பது போலப் பார்க்க வேண்டுமா என்பதே என் ஐயம். 1870களில் தேம்ஸ் நதியின் இரவுகளைத் தீட்டிய ஜேம்ஸ் விஸ்லர், காட்சியை உற்றுப் பார்த்து மனதில் பதித்துக்கொண்டு, பின்னர் தம் ஓவியக்கூடத்துக்குத் திரும்பி நினைவிலிருந்தே வரைந்தார். அவருடைய வாணவேடிக்கை ஓவியத்தைக் கலை விமர்சகர் ஜோன் ரஸ்கின் 1877இல் மிகக் கடுமையாக இகழ்ந்தபோது, விஸ்லர் அவர்மேல் மானநட்ட வழக்குத் தொடுத்தார். 1878இல் விசாரணை நடந்தது. பேட்டர்சீ பாலத்தைக் காட்டும் இரவு ஓவியத்தைப் பற்றிக் கேட்டபோது, அந்தப் பாலத்தின் சரியான உருவப்படமாக அதைத் தாம் வரைய எண்ணவில்லை என்றே அவர் பதில் சொன்னார். வழக்கில் வென்றார், நட்டஈடாகக் கிடைத்ததோ அன்றைய நாணயங்களில் மிகச் சிறிய ஒரு ஃபார்திங் மட்டுமே. செலவு அவரை முறித்துவிட்டது.

வான் கோவையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1889 ஜூன் மாதத்தில், மருத்துவ விடுதியின் கிழக்குப் பார்த்த சாளரத்தின் வழியாக விடியுமுன் தாம் கண்ட வானத்தை வைத்து விண்மீன்கள் சுழலும் அந்தப் புகழ்பெற்ற இரவைத் தீட்டினார். அந்த நாட்களில் நிலவு பாதிக்கு மேல் நிறைந்திருந்தது. ஓவியத்தில் பிறை இருக்கிறது. கீழே தெரியும் ஊர் அந்தச் சாளரத்திலிருந்து தெரியாத ஊர். இத்தனை மாற்றங்களுக்குப் பிறகும் அந்த இரவு பொய்யாகிவிடவில்லை. திருமலை ஓவியர் பிறையை அழகுக்காக அங்கே வைத்திருந்தால் என்ன செய்வீர்கள்? ஒளிப்பாதை சரிந்திருப்பதும் தவறாக இருக்கலாம். இயற்கையில் அது எப்போதும் பார்ப்பவரை நோக்கியே வரும்.

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் எழுதியது:

நிழலுரு அவர்களே, நீங்கள் சொன்ன உதாரணங்கள் எல்லாம் சரி. ஆனால் ஓவியர் இயற்கையை மாற்றினார் என்று அறிவதற்கே முதலில் இயற்கை எப்படி என்று தெரிந்திருக்க வேண்டுமல்லவா? மாற்றம் நடந்த இடத்தில்தான் ஓவியரின் மனம் மிகத் தெளிவாகத் தெரியும். நிறைந்த நிலவைப் பிறையாக்கினார் என்று தெரிந்த பிறகுதான், வான் கோவுக்கு ஏன் அது தேவைப்பட்டது என்று கேட்கவே முடிகிறது.

அந்தச் சரிந்த ஒளிப்பாதையை நான் தவறென்று எண்ணவில்லை. நீங்களே சொன்னபடி, கடல்மேல் விழும் நிலவின் பாதை பார்ப்பவர் எங்கே நின்றாலும் அவருடைய கண்ணுக்கே வந்து சேரும். கரையில் நூறு பேர் நின்றால் நூறு பாதைகள். நோர்வே ஓவியர் எட்வர்ட் மூங்க் 1890களில் தீட்டிய கோடை இரவுகளில் நீர்மேல் நிலவொளி நேரான தூணாக நிற்கும். அது நம்மை நேருக்கு நேர் பார்க்கிறது, ஓவியத்தில் உள்ள உருவத்தை அல்ல. நம் ஊர்ப் பெண்ணோ பாதையை நம்மிடமிருந்து எடுத்து வாசற்படியில் இருப்பவளிடம் கொடுத்துவிட்டார். கடல் அவளுக்குத் தெரிகிறபடி வரையப்பட்டிருக்கிறது. நாம் பக்கத்தில் நிற்கும் அயலவர் மட்டுமே. பிறையின் கிடப்பையும் சேலைக் கரையின் நிறமாற்றத்தையும் இவ்வளவு கவனமாகப் பார்த்த ஒருவர், இந்த ஒன்றில் மட்டும் கவனம் தவறினார் என்று நம்ப எனக்கு மனம் வரவில்லை.

மூதூர்க்காரர் எழுதியது:

நான் ஓவியம் படித்தவன் அல்லன். கொட்டியாரக் குடாவின் இந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு திருமலை விளக்குகளைப் பார்த்து வளர்ந்தவன். போர்க்காலத்தில் இரவில் கடலுக்குப் போகத் தடை இருந்த நாட்களில், கடல் முழு இருட்டாகக் கிடக்கும். மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு வந்தபோது அரிக்கன் லாம்பின் திரியை இறக்கி வைத்துக்கொண்டு படித்தோம். பிறகு மீண்டும் வள்ளங்களின் விளக்குகள் கடலில் தெரியத் தொடங்கிய இரவில், ஊரே கரையில் வந்து நின்றது என்று சொன்னால் மிகையாகாது. அதனால் இந்தப் படத்தில் அந்த மூன்று விளக்குகளைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதி. "மனம் ஆறுகிறது" என்று சொன்ன அம்மாவும் இப்படி ஏதாவது கண்டவராக இருக்கலாம். "இழவு" என்றவருக்குக் கடல் 2004 டிசம்பரில் எதைக் கொண்டுபோயிற்று என்று நமக்குத் தெரியாது. ஒளியை எத்தனை நுட்பமாக ஆராய்ந்தாலும், அதைப் பார்க்கிற கண்ணுக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் எழுதியது:

ஐயா, நீங்கள் எழுதியதை இரண்டு முறை வாசித்தேன். உங்கள் நிம்மதி வெறும் நினைவிலிருந்து வரவில்லை, அந்த மூன்று விளக்குகளிலிருந்து வந்தது என்பதை நீங்களே சொல்லிவிட்டீர்கள். ஓவியர் அந்த விளக்குகளை அழித்துவிட்டு வெறும் கடலை மட்டும் விட்டிருந்தால் உங்களுக்கு அந்த நிம்மதி வந்திருக்குமா? நினைவு ஓவியத்தில் எந்த இடத்தைப் பற்றிக்கொள்கிறது என்று காட்ட முடிந்தால், அந்த வாசிப்புக்கு ஆதாரம் இருக்கிறது. "இழவு" என்றவரும் எதைப் பார்த்து அப்படிச் சொன்னார் என்று கேட்டிருந்தால், விளக்குக்கு முதுகு காட்டி இருட்டைப் பார்த்திருக்கும் முகத்தைத்தான் காட்டியிருப்பார் என்று ஊகிக்கிறேன். அவரும் ஓவியத்தில் உள்ளதைத்தான் பார்த்தார். ஆனால் வள்ளங்களைக் கணக்கில் சேர்க்கவில்லை.

பௌதிகவியல் ஆசிரியை எழுதியது:

அந்தச் சிவப்புக் கரை மடியில் கறுத்துப்போனதைப் பற்றி யாரும் விரிவாகப் பேசவில்லையே என்று எழுதுகிறேன். இந்த ஓவியத்தில் என்னை மிகவும் கவர்ந்தது அதுதான்.

நம் விழித்திரையில் கூம்புக் கலங்கள், கோல் கலங்கள் என இரு வகைக் கலங்கள் இருக்கின்றன. பகலில் வேலை செய்யும் கூம்புகளுக்கு நிறம் தெரியும். மங்கலில் வேலை செய்யும் கோல்களுக்கு நிறம் தெரியாது. வெளிச்சமான வேளையில் நம் கண் 555 நனோமீற்றர் அலைநீளத்தின் அருகே, அதாவது மஞ்சட்பச்சையில், மிகக் கூர்மையாக இருக்கிறது. இருட்டில் அந்த உச்சம் 507 நனோமீற்றர் பக்கம், நீலப்பச்சைக்கு நகர்ந்துவிடுகிறது. செக் நாட்டு அறிஞர் புர்க்கினியே 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இதைக் கவனித்து எழுதியதால், இதற்கு அவர் பெயரே நிலைத்துவிட்டது. சிவப்பு முதலில் கறுத்துப்போவதும், நீலமும் பச்சையும் ஒப்பளவில் வெளுத்துத் தெரிவதும் இதனால்தான். நிலவொளியே நீலம் என்று பலர் எண்ணுகிறார்கள். அது சூரிய ஒளியின் பிரதிபலிப்பு, அளந்து பார்த்தால் சூரிய ஒளியைவிடச் சற்றுச் செம்மை கூடியது. முழுநிலவு சூரியனைவிடச் சுமார் 4 இலட்சம் மடங்கு மங்கல். அரை நிலவு முழுநிலவின் ஒளியில் ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கையே தரும். அத்தனை குறைந்த ஒளியில் நீலத்தைக் கொண்டுவருவது நம் கண்.

அடுத்த போயா (பௌர்ணமி) நாளில் எவரும் இதைச் சோதிக்கலாம். தெருவிளக்கு எட்டாத இடத்தில், கைத்தொலைபேசியைத் தொடாமல் இருபது முப்பது நிமிடம் இருந்தால்தான் கோல் கலங்கள் முழுமையாகப் பழகும். பிறகு செம்பரத்தைச் செடியைப் பாருங்கள்: பூ கறுப்பாகவும் இலை அதைவிட வெளிறியும் தெரியும், பகலில் இருந்த வரிசை தலைகீழாகியிருக்கும். ஆகவே அந்தச் சேலைக் கரை சிவப்பாகத் தெரியும் இடம் வரைதான் வீட்டு விளக்கின் எல்லை. அவளுடைய உடலின் மீதே வீடும் கடலும் எல்லை பிரித்துக்கொண்டிருக்கின்றன. அவள் முகம் எந்தப் பக்கம் சேர்ந்தது என்பதை நீங்கள் எல்லோரும் ஏற்கெனவே சொல்லிவிட்டீர்கள்.

சிற்றோவிய ஆர்வலர் எழுதியது:

இதுவரை பேசப்பட்டதெல்லாம் ஐரோப்பிய முறையில் ஒளி நிழலைக் கட்டும் ஓவியங்களுக்குப் பொருந்தும். நம் துணைக்கண்டத்தில் வேறொரு மரபும் இருந்தது. இமயமலை அடிவார அரசுகளில் வளர்ந்த 18ஆம் நூற்றாண்டுப் பஹாடிச் சிற்றோவியங்களில், காதலனைத் தேடி நள்ளிரவில் புறப்படும் தலைவியைப் பாருங்கள். வானம் கறுத்திருக்கும்; மின்னல் பொற்கோடாக வளைந்திருக்கும்; காலடியில் பாம்புகள் நெளியும். ஆனால் அவள் முகமும் ஆடையும் நண்பகலில் பார்ப்பது போலத் தெளிவாக இருக்கும், நிழல் விழாது. அங்கே ஒளி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால் விடை கிடைக்காது. இரவு என்பதை வானமும் விளக்கும் அறிவிக்கின்றன; மனநிலையைத் தலைவியின் நிலையும் சுற்றியிருக்கும் கருப்பொருள்களும் சொல்கின்றன.

நமது அகமரபும் அப்படித்தான் பொழுதைக் கையாண்டது. குறிஞ்சிக்கு யாமம், முல்லைக்கு மாலை, மருதத்துக்கு வைகறை, நெய்தலுக்கு எற்பாடு என்று பொழுதே உணர்வைச் சுமந்தது. கடலோடி மகன் சொன்னபடி இந்தப் படத்தின் நேரம் வைகறை என்றால், இடம் நெய்தலாகவும் பொழுது மருதத்தினுடையதாகவும் இருக்கிறது. நெய்தலுக்கு உரிய இரங்கலை எதிர்பார்த்து வருகிறவரை அந்தப் பொழுது சற்றுத் தடுத்து நிறுத்துகிறது. இதைத் தமிழ் வாசகர் கவனிக்காமல் விடக்கூடாது.

இரண்டு மரபும் சந்திக்கும் இடத்தில், பலர் வீட்டு நாட்காட்டியில் பார்த்திருக்கக்கூடிய ஓர் ஓவியம் இருக்கிறது: ஒரு கையில் விளக்கேந்தி மறு கையால் சுடரை மறைத்து வரும் பெண். மைசூர் ஜகன்மோகன் அரண்மனையில் இருக்கும் அதை இரவி வர்மாவின் ஓவியம் என்று பலர் நம்புகிறார்கள். அதை நீர்வர்ணத்தில் வரைந்தவர் எஸ். எல். ஹல்தங்கர். சுடரை நம்மிடமிருந்து மறைத்துவிட்டு, விரல்களுக்கு இடையில் ஊறிவரும் செம்மையிலும் முகத்தில் ஏறும் ஒளியிலும் அதைக் காட்டுகிறார். திருமலை ஓவியரும் வீட்டு விளக்கைக் கதவுக்குள் மறைத்து வைத்திருப்பதைப் பார்க்கும்போது எனக்கு அதுதான் நினைவுக்கு வந்தது.

நிழலுரு எழுதியது:

வாதம் வளர்ந்திருக்கும் விதம் எனக்குப் பிடித்திருக்கிறது. என் ஐயத்தில் ஒரு பகுதி மட்டும் அப்படியே இருக்கிறது: இவ்வளவும் தெரியாத ஒருவருக்கு அந்த ஓவியம் என்ன கொடுக்கும்? அந்த அம்மாவுக்குப் பிறையின் திசை தெரிந்திருக்க வாய்ப்பில்லை. மனம் ஆறியது உண்மை. ஓவியம் முதலில் அவருக்காகத்தான் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

கடலோடி மகன் எழுதியது:

அண்ணா, அந்த அம்மா இந்த ஊரவர் என்றால் பிறையின் திசை அவருக்குக் கட்டாயம் தெரியும். எழுதத்தான் தெரியாமல் இருக்கலாம்.

காட்சியமைப்பாளர் எழுதியது:

ஒரு நடைமுறைக் குறிப்பைச் சேர்க்கிறேன். மேலே இணைக்கப்பட்ட படத்தை வைத்து எவரும் முடிவுக்கு வரவேண்டாம். கைத்தொலைபேசியின் இரவுப் பயன்முறை இருட்டை வெளுக்கவைத்துவிடும். இரவு ஓவியத்தின் உயிரோ நெருங்கிய இருட்டுகளுக்கு இடையே உள்ள சிறு வேறுபாடுகளில் இருக்கிறது. அந்தக் கூடத்தில் ஓவியத்துக்கு நேர் எதிரே வெள்ளைக் குழல்விளக்கு எரிவதும், பளபளக்கும் வார்னிஷ் மேல் அது கோடாக விழுவதும் படத்திலேயே தெரிகின்றன.

ஓவியத்தின் மீது விழும் ஒளியும் அதன் மேற்பரப்பின் நிலையும் எவ்வளவு தூரம் வாசிப்பை மாற்றும் என்பதற்கு இரண்டு சான்றுகள் போதும். ரெம்பிராண்ட் 1642இல் முடித்த, இராக்காவல் என்று உலகம் அழைக்கும் ஓவியம் உண்மையில் பகற்காட்சி. மேலே பூசிய வார்னிஷ் காலப்போக்கில் கறுத்து அழுக்கேறியதால் அது இரவாகத் தோன்றி, அந்தப் பெயரும் ஒட்டிக்கொண்டது. ஆர்கிப் குயின்ஜி என்பவர் தினியேப்பர் நதியின் நிலவிரவைத் தீட்டி, 1880இல் சென் பீற்றர்ஸ்பேர்க் நகரில் அந்த ஒரே ஓவியத்தை இருட்டாக்கிய அறையில், விளக்கொளி அதன்மீது மட்டும் விழும்படி வைத்துக் காட்டினார். மக்கள் வரிசையில் நின்று பார்த்தார்கள். நிலவு உண்மையாகவே ஒளிர்வதாக எண்ணி, பின்னால் விளக்கு இருக்கிறதா என்று தேடியவர்களும் உண்டு. அவர் பயன்படுத்திய தார் கலந்த வர்ணங்கள் பின்னாளில் கறுத்துவிட்டன; அன்று பார்த்தவர்கள் கண்ட இரவு இன்று நமக்குக் கிடைக்காது.

வாசகி அவர்களே, காட்சி நடத்துபவர்களிடம் சொல்லுங்கள்: குழல்விளக்கை அணைத்துவிட்டு, மஞ்சள் சார்ந்த ஒரு விளக்கை மேலிருந்து, சுவருக்குச் சுமார் 30 பாகைச் சாய்வில் ஓவியத்தின் மீது விழும்படி வைத்தால் பளபளப்பு கண்ணில் அடிக்காது. அறையின் மற்ற வெளிச்சத்தையும் குறைத்தால், பார்வையாளரின் கண் பழகியதும் அந்த இருட்டுகள் தாமாகவே பிரியத் தொடங்கும்.

உயர்தர மாணவி எழுதியது:

ஐயா, நானும் நம் உட்துறைமுகத்தை இரவில் வரைய முயல்கிறேன். கறுப்பு வர்ணத்தை எடுத்தாலே படம் செத்துப்போகிறது. எடுக்காவிட்டால் பகல் மாதிரித் தெரிகிறது. என்ன செய்வது?

ஓய்வுபெற்ற சித்திர ஆசிரியர் எழுதியது:

பிள்ளை, குழாயிலிருந்து வரும் கறுப்பை முதலில் ஒதுக்கி வையுங்கள். அல்ட்ராமரைன் நீலத்தையும் எரித்த அம்பர் பழுப்பையும் கலந்தால், கறுப்புக்கு அருகில் வரும் ஓர் ஆழம் கிடைக்கும். நீலத்தைக் கூட்டினால் குளிரும், பழுப்பைக் கூட்டினால் வெதுவெதுப்பும் வரும். வான் கோ 1888 செப்டெம்பரில் ஆர்ல் நகரத் தேநீர்க்கடை முற்றத்தை இரவில் வரைந்தபோது, கறுப்பே இல்லாத இரவு ஓவியம் என்று தம் தங்கைக்கு மகிழ்ந்து எழுதினார். அழகிய நீலமும் ஊதாவும் பச்சையும் மட்டுமே அதில் இருந்தன. விளக்கு விழும் இடத்தில் மஞ்சள்.

படம் பகல் மாதிரித் தெரிவதற்குக் காரணம் நிறம் அல்ல என்று நினைக்கிறேன். தொனி என்பது நிறத்தின் வெளிச்ச, இருட்டு அளவு; வெளிச்சமான தொனிகள் உங்கள் படத்தில் கூடுதலான இடத்தைப் பிடித்திருக்க வேண்டும். தபாலட்டை அளவில் ஒரு தாளை எடுத்து, வானம், நீர், கரை என்று மூன்றே மூன்று இருண்ட தொனிகளில் மட்டும் முதலில் காட்சியைப் பிரியுங்கள். இரவில் பெரும்பாலும் வானத்தைவிடக் கரை இருண்டிருக்கும். நீர் வானத்தின் தொனியைச் சற்று மங்கலாகத் திருப்பிக் காட்டும். இந்த மூன்றும் ஒன்றுக்கொன்று நெருங்கியிருந்தும் பிரிந்து தெரிகின்றன என்று உறுதியான பிறகே விளக்குகளை வையுங்கள். ஒரு விளக்கை வைத்ததும் நிறுத்தி, படம் என்ன சொல்கிறது என்று பாருங்கள். பெரும்பாலான மாணவர்கள் சீனக்குடாப் பக்கம் தெரியும் அத்தனை விளக்குகளையும் வரிசையாக வைத்துவிட்டு, எதைப் பார்ப்பது என்று தெரியாமல் திகைக்கிறார்கள்.

வரையும்போது தாளைப் பார்க்க வெள்ளை டோர்ச் பிடிக்காதீர்கள். பழகிய கண் மறுபடியும் குருடாகிவிடும். டோர்ச்சின் முகத்தில் சிவப்பு செலோஃபன் தாளை இரண்டு மடிப்பாகக் கட்டிக்கொள்ளுங்கள். சிவப்பு ஒளி கோல் கலங்களை அதிகம் குழப்பாது என்பதைப் பௌதிகவியல் ஆசிரியையும் ஒத்துக்கொள்வார் என்று நம்புகிறேன். ஆனால் அந்த ஒளியில் நிறங்களைத் தேரவே வேண்டாம். தொனிகளை மட்டும் குறித்துக்கொண்டு, நிறங்களின் பெயரைத் தாளின் ஓரத்தில் எழுதிவைத்து, வர்ணத்தைப் பகலில் வீட்டில் இருந்து பூசுங்கள். முதல் தாளை இங்கே போடுங்கள், பார்க்கிறேன்.